நீர்வண்ணப் படத்தை விலைக்குக் கொடுப்பது எப்படி

யாரிடமும் முறையாகப் பயிலாமல், காணொளிகளைப் பார்த்தும் தாளைப் பாழாக்கியும் நீர்வண்ணம் பழகிய ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் அந்தக் கேள்வி வந்து சேரும். வீட்டுக்கு வந்த உறவினரோ தெரிந்தவரோ சுவரில் மாட்டியிருக்கும் படத்தைப் பார்த்து, "இதே மாதிரி ஒண்ணு எங்களுக்கும் போட்டுத் தர முடியுமா, என்ன ஆகும்?" என்று கேட்பார். வங்கிப் பணி முடிந்து மாலை நேரங்களில் ஸ்ரீரங்கத்து வீதிகளையும் அம்மா மண்டபம் படித்துறையையும் வரைந்துகொண்டிருந்த எனக்கு அந்தக் கேள்வி வந்தபோது, ஏதோ ஒரு தொகையைக் கூச்சத்தோடு சொல்லிவிட்டேன். அது தாளுக்கும் படச்சட்டத்துக்கும்கூடக் கட்டுப்படியாகாத தொகை என்பது பிறகுதான் தெரிந்தது. பொழுதுபோக்காக வரையும்போது நாம் நமக்கே மன்னித்துக்கொள்ளும் பல குறைகளை, விலை கொடுத்து வாங்கியவர் மன்னிக்க வேண்டிய கடமை இல்லை. அந்தக் குறைகள் எவை, விற்பதற்கு முன் அவற்றை எப்படிச் சரிசெய்வது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

தாளும் வண்ணமும்

முதலில் கவனிக்க வேண்டியது படத்தின் ஆயுள். நான் விற்ற மூன்றாவது படம், சுண்ணாம்புச் சுவரின்மேல் சரிந்து பூத்திருந்த ஒரு காகிதப்பூக் கொடி. பூக்களுக்கு ஓபரா ரோஸ் என்ற வண்ணத்தைப் பூசியிருந்தேன். ஈரத்தில் அது ஒளிவிடுவதைப் பார்த்தவர்கள் யாரும் அதை விடமாட்டார்கள். வாங்கியவர் அதை மேற்குப் பார்த்த சன்னலுக்கு எதிரே மாட்டியிருந்தார். பதினான்கு மாதங்கள் கழித்து அவர் அனுப்பிய புகைப்படத்தில் சுவரும் இலைகளும் அப்படியே இருந்தன. பூக்கள் மட்டும் வெளிறிச் சாம்பலாகியிருந்தன. அந்த வண்ணத்தில் கலந்துள்ள ஒளிரும் சாயம் வெளிச்சத்தைத் தாங்காது என்பது வாட்டர்கலர் பழகியவர்கள் நன்கு அறிந்த செய்தி. அறியாதவன் நான் ஒருவன்தான். வேறு படம் வரைந்து கொடுத்துப் பழைய படத்தை வாங்கி வந்தேன். அது இன்றும் என் மேசைக்கு எதிரே இருக்கிறது.

ஆகவே ட்யூபின் முன்பக்கத்தில் அச்சிட்டுள்ள அழகான பெயரை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் படித்துப் பழகுங்கள். அலிசரின் கிரிம்சன் என்ற பெயரில் வரும் பி.ஆர். 83 வெளிறக்கூடியது, அதன் இடத்தில் பி.வி. 19 வகைச் சிவப்புகளில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அல்ட்ராமரீன் நீலமான பி.பி. 29, காவி நிறங்களில் வரும் பி.ஆர். 101, தாலோ நீலமான பி.பி. 15 ஆகியவை வெளிச்சத்தைத் தாங்குபவை. குறியீடே அச்சிடாத மலிவு வண்ணங்களைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, விற்கும் படத்திலிருந்து விலக்கிவிடுவது நல்லது. இதற்கு மேலும் சந்தேகம் இருந்தால், உங்களிடம் உள்ள எல்லா வண்ணங்களையும் ஒரே தாளில் பட்டைகளாகத் தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் சன்னலில் மூன்று மாதங்கள் ஒட்டி வையுங்கள். திருச்சி வெயிலுக்கு மூன்று மாதங்களே அதிகம். எந்த வண்ணத்தை நம்பலாம் என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும்.

தாள் விஷயத்தில் சிக்கனம் பார்க்க வேண்டாம். விற்பனைக்கான படத்துக்கு 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, அமிலம் நீக்கிய, நூறு விழுக்காடு பருத்தித் தாளையே எடுங்கள். மரக்கூழ்த் தாளில் ஒரு பூச்சு காய்ந்தபின் மேலே மறு பூச்சு கொடுத்தால் அடிவண்ணம் கிளம்பிவிடும். பருத்தித் தாள் பல அடுக்குகளைத் தாங்கும். கட்டாகவோ பேடாகவோ வாங்குவதைவிட 22-க்கு 30 அங்குல முழுத்தாளாக வாங்கி நான்காகக் கிழித்துக்கொண்டால் 11-க்கு 15 அங்குலத்தில் நான்கு தாள்கள் கிடைக்கும். எட்டாகக் கிழித்தால் சிறிய படங்களுக்கு ஆகும். இத்தாலிய, பிரெஞ்சுத் தாள்களின் விலை மலைக்க வைத்தால், நம் நாட்டிலேயே கையால் செய்யப்படும் பருத்தித் தாள்களை முயன்று பாருங்கள். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைத்தாள் பட்டறைக்கு ஒரு முறை போய்வருவது எந்த ஓவியருக்கும் வீண்பயணம் ஆகாது. ஆனால் எந்தத் தாளானாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏற விடக்கூடாது. வண்ணத்தை உடனே உறிஞ்சிவிடாமல் தடுக்கும் பசைப்பூச்சு ஈரம் ஏறிய தாளில் கெட்டுப்போய், வண்ணம் மை ஒற்றுத்தாளில் விழுந்ததுபோல் ஆங்காங்கே திட்டாக இறங்கிவிடும். தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் இட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, சுவரைத் தொடாத அலமாரியில் படுக்கை வாக்கில் வையுங்கள்.

எதை வரைந்து விற்பது

எல்லாவற்றையும் வரைபவரிடம் யாரும் எதையும் குறிப்பாகத் தேடி வருவதில்லை. பூ, பறவை, மலை, குழந்தை என்று கலவையாக வரைந்து வைத்திருந்த காலத்தில் என்னைப் பாராட்டியவர்கள் அதிகம், வாங்கியவர்கள் குறைவு. ஒரு மாமி, சென்னைக்குக் குடிபோகும் முன் சித்திரை வீதியில் தாம் பிறந்த வீட்டை இடிப்பதற்குள் வரைந்து தரக் கேட்டார். அந்தப் படத்தின் கைபேசிப் புகைப்படம் அவர் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் போனதும், அடுத்தடுத்து நான்கு பேர் தங்கள் பூர்வீக வீடுகளின் பழைய புகைப்படங்களை அனுப்பினார்கள். திண்ணையும் ஓடும் முற்றமுமாக இருந்த வீடுகள் அடுக்ககங்களாக மாறிவரும் ஊர்களில் இந்தத் தேவை உண்மையானது. உங்கள் ஊரில் அது வேறாக இருக்கலாம்: பள்ளிக் கட்டடம், மிதிவண்டிக் கடை, படகுத்துறை, தேர். உங்களால் நேரில் போய், மறுபடியும் மறுபடியும் பார்க்கக்கூடிய ஒன்றாக அது இருப்பது முக்கியம்.

நேரில் பார்ப்பதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை வாழ்த்து அட்டையாக 50 பிரதிகள் அச்சிட்டு, மார்கழியில் ஒரு கடையில் வைத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அட்டையை முகத்தருகே பிடித்த ஒரு பாட்டி, விரலால் கீழிருந்து மேலாக எண்ணிக்கொண்டே போய், "பதிமூணு நிலையில்ல இருக்கணும்? ஒண்ணைக் காணோமே, தம்பி" என்றார். 236 அடி கோபுரத்தில் ஒரு நிலையை நான் விழுங்கியிருந்தேன். ஊர்க்காரர்கள் தங்கள் ஊரைப் படத்தில் வாங்கும்போது ஓவிய நயத்தைப் பார்ப்பதற்கு முன் எண்ணித்தான் பார்ப்பார்கள்.

பிறர் எடுத்த புகைப்படத்தை இணையத்திலிருந்து எடுத்து அப்படியே வரைந்து விற்பதைத் தவிருங்கள். அந்தப் புகைப்படத்தின் உரிமை எடுத்தவருடையது. பயிற்சிக்கு வரைந்ததை விற்பனைக்குக் கொண்டுவரும்போது அது வேறு விஷயமாகிவிடுகிறது.

விலை

தானே கற்ற ஓவியர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். "முறையாகப் படிக்காதவன் அவ்வளவு கேட்கலாமா" என்ற எண்ணம் உள்ளே உறுத்திக்கொண்டே இருக்கும். அதைத் தள்ளிவைத்துவிட்டு ஒரு நோட்டில் கணக்குப் போடுங்கள். 11-க்கு 15 அங்குலப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தாளுக்கு 150 ரூபாய், வண்ணமும் தூரிகைத் தேய்மானமும் 100 ரூபாய், படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே இடைவெளி விடும் மவுண்ட் அட்டையும் கட்டுச் செலவும் 250 ரூபாய் என்று வைத்தால் பொருள் செலவு 500 ரூபாய். இடத்தைப் பார்த்துக் கோட்டு வரைவு எடுக்க இரண்டு மணி நேரம், தீட்ட ஆறு மணி நேரம், தொலைபேசி, ஸ்கேன், கட்டுதல், அஞ்சல் எல்லாவற்றுக்கும் இரண்டு மணி நேரம். இந்தக் கடைசி இரண்டு மணி நேரத்தை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். மணிக்கு 250 ரூபாய் என்று உங்கள் உழைப்பை மதித்தால் 2,500 ரூபாய். ஆக அடக்கம் 3,000 ரூபாய்.

இதே 3,000 ரூபாயை விலையாகச் சொல்லிவிட்டால், நாளை ஒரு பரிசுப்பொருள் கடையோ கண்காட்சியோ 35 விழுக்காடு கழிவு கேட்கும்போது கையிலிருந்து போடவேண்டி வரும். அதனால் கழிவு போக 3,000 ரூபாய் மிஞ்சும்படி 4,700 ரூபாய் என்று விலை வையுங்கள். வீட்டுக்கு வந்து வாங்குபவருக்கும் அதே விலைதான். கடையில் ஒரு விலை, நேரில் ஒரு விலை என்று விற்றால் கடைக்காரருக்குத் தெரியவரும் அன்றே அந்த உறவு முடிந்துவிடும். 165 சதுர அங்குலத்துக்கு 4,700 ரூபாய் என்றால் சதுர அங்குலம் ஏறத்தாழ 28 ரூபாய் 50 காசு. மற்ற அளவுகளுக்கு இதை வைத்துப் பெருக்கிக்கொள்ளலாம். பாதி அளவுப் படத்துக்குப் பாதி நேரம் ஆவதில்லை என்பதால், சிறிய படங்களுக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். உறவினர்களுக்கு எவ்வளவு என்று கேட்பீர்கள். விலையைக் குறைக்காதீர்கள், கல்யாணத்துக்குப் படத்தையே மொய்யாக எழுதிவிடுங்கள். அரை விலைக்கு விற்ற படம்தான் ஊர் முழுவதும் உங்கள் விலையாகப் பரவும்.

அசல் படத்தை வாங்க இயலாதவர்களுக்கு அச்சுப் பிரதிகளும் அட்டைகளும் வேண்டும். தொழிலை உண்மையில் தாங்குபவை இவைதான், இதில் கௌரவக் குறைவு ஏதும் இல்லை. 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் சென்னைக்குத் தெற்கே சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானபோது, பத்திக் (மெழுகிட்டுச் சாயமேற்றிய துணி) முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற வருவாயில்தான் அந்த ஓவியர்கள் நிலத்தை வாங்கினார்கள். மதுரையில் வளர்ந்து, சென்னையில் ஒரு பேட்டரி நிறுவனத்தில் வேதியியலாளராகப் பணிபுரிந்த மனோகர் தேவதாஸ், பேனாவால் தீட்டிய ஊர்க்காட்சிகளை வாழ்த்து அட்டைகளாக்கி, அந்த வருவாயை அறப்பணிகளுக்குக் கொடுத்துவந்தார். அவருடைய கோடுகளின் பொறுமையைப் பார்த்தவர்களுக்கு அட்டை என்பது சிறிய வடிவமே தவிர சிறிய வேலை அல்ல என்பது புரியும்.

அச்சுக்கு, படத்தைப் பிளாட்பெட் ஸ்கேனரில் 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து வையுங்கள். அச்சுக்கு 300 டி.பி.ஐ. போதும் என்பதால், ஏ4 அளவில் வரைந்த படத்தை அந்தக் கோப்பிலிருந்து ஏ2 வரை பெரிதாக்க முடியும். கைபேசியில் எடுத்தே ஆகவேண்டும் என்றால், காலை வேளையில் மொட்டைமாடி நிழலில் படத்தைச் செங்குத்தாக நிறுத்தி, லென்ஸ் படத்தின் நடுவுக்கு நேராக இருக்கும்படி எடுங்கள். நேர் வெயில் படக்கூடாது. ஜெராக்ஸ் கடை லேசர் பிரிண்ட் பளபளப்பாக இருக்குமே தவிர நீர்வண்ணத்தின் மென்மை அதில் வராது. நிறமி மை பயன்படுத்தும் இங்க்ஜெட் அச்சகத்தைத் தேடிப் பிடித்து, பளபளப்பு இல்லாத பருத்தித் தாளில் முதலில் ஒரே ஒரு மாதிரியை மட்டும் எடுத்து, அசலோடு பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். கணினித் திரையில் அழகாகத் தெரியும் நீலம் தாளில் கறுத்துவிடுவது வழக்கம்.

நாள்காட்டி போடும் எண்ணம் இருந்தால் காலத்தைக் கவனியுங்கள். சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான நாள்காட்டி மாதிரிகள் ஆடிப்பெருக்கன்றே வெளிவந்துவிடும். தீபாவளி சமயத்தில் படம் வரையத் தொடங்குபவருக்கு அந்த ஆண்டு முடிந்துவிட்டது என்று பொருள். நவராத்திரி வெற்றிலைப் பாக்கோடு கொடுக்கும் சிறு அட்டைகளை ஆவணியிலும், பொங்கல் வாழ்த்துகளை ஐப்பசியிலும் அச்சுக்குக் கொடுத்துவிட வேண்டும்.

ஆர்டர் எடுப்பது

நீர்வண்ணத்தில் அழித்து வரைவதற்கு வழியில்லை. எண்ணெய் வண்ணமோ அக்ரிலிக்கோ என்றால் மேலே பூசி மறைத்துவிடலாம். இங்கே வெள்ளை என்பது பூசாமல் விட்ட தாள். ஆகவே "முடித்துவிட்டுக் காட்டுகிறேன்" என்று சொல்லக்கூடாது. பென்சில் வரைவை அனுப்பி, மின்கம்பம் வேண்டுமா வேண்டாமா, வாசலில் கோலம் இருக்கட்டுமா, தாத்தாவின் சைக்கிளைச் சேர்க்கவேண்டுமா என்பதையெல்லாம் அந்தக் கட்டத்திலேயே கேட்டு முடியுங்கள். அடுத்ததாக உள்ளங்கையளவு தாளில் ஒரு வண்ண மாதிரி. இரண்டுக்கும் எழுத்தில் சம்மதம் வந்தபிறகே பெரிய தாளை நனையுங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். பாதித் தொகையை முன்பணமாக வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் கேட்கக் கூசி நான் வரைந்து முடித்த ஒரு வீட்டை, அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரச்சினை என்று சொல்லி யாருமே வாங்கிக்கொள்ளவில்லை. முடித்துத் தரும் நாளைச் சொல்லும்போது உங்கள் மனக்கணக்கோடு பத்து நாள்களைக் கூட்டிச் சொல்லுங்கள். அடைமழைக் காலமென்றால் பதினைந்து.

பலரும் அறியாத ஒரு சட்டக் குறிப்பு. நீங்களாக வரைந்த படத்தின் அசலை விற்றாலும் அதன் பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் உங்கள் வாரிசுகளிடம் இருக்கும். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டதன்பேரில் பணம் வாங்கிக்கொண்டு வரைந்த ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாத நிலையில், கேட்டவரே முதல் பதிப்புரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. அப்படி வரைந்த வீட்டுப் படத்தைப் பிற்பாடு நீங்கள் அட்டையாக அச்சிட விரும்பினால், "அசல் படம் உங்களுடையது, அச்சிடும் உரிமை என்னிடம் இருக்கும்" என்ற வாக்கியத்தை முன்பண ரசீதிலேயே எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார்கள். மறுப்பவர்களிடம் அச்சிடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

படச்சட்டமும் கட்டும்

ஃபிரேம் கடைகளில் படத்தை ஹார்டுபோர்டில் பசை தடவி ஒட்டி, மேலே லேமினேஷன் தாளை இழுத்துவிடுவது பரவலான வழக்கம். சாமி படத்துக்கு அது சரி. நீர்வண்ணப் படத்தை அப்படிச் செய்துவிட்டால் அதை மறுபடியும் பிரிக்கவே முடியாது. ஒரு கடையில் நான் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள், பையன் என் படத்தைக் குப்புறப் போட்டு, அகலத் தூரிகையால் பசையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அன்றுமுதல் நானே அமிலம் நீக்கிய மவுண்ட் அட்டையில் படத்தின் மேல்விளிம்பை மட்டும் சிறு தாள் பட்டைகளைக் கீல்கள்போல் இட்டுத் தொங்கவிட்டு எடுத்துப்போகிறேன். கடைக்காரர் கண்ணாடியும் மரமும் மட்டும் பொருத்தினால் போதும். மவுண்ட் இருப்பது அழகுக்காக மட்டும் அல்ல. கண்ணாடி படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரம் கோத்து, வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பூசணமும் பிடிக்கும்.

வெளியூருக்கு அனுப்பும்போது சட்டமில்லாமல் அனுப்புவதே மேல். பிளாஸ்டிக் உறைக்குள் படம், இரு பக்கமும் படத்தைவிட ஓர் அங்குலம் பெரிய கெட்டி அட்டைகள், அவற்றின் நான்கு மூலைகளிலும் மடித்து ஒட்டிய தாள், அதன்மேல் நெளி அட்டைப் பெட்டி. சட்டத்தோடுதான் வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் தகடு போட்டு அனுப்புங்கள்.

கணக்கும் பதிவும்

வீட்டுச் செலவுக் கணக்கிலிருந்து விலகிய ஒரு தனி வங்கிக் கணக்கும், அதோடு இணைத்த யு.பி.ஐ. க்யூ.ஆர். அட்டையும் முதல் வாரத்திலேயே தேவை. குறுந்தொழில் என்று பதிவு செய்துகொள்ள அரசின் உத்யம் இணையதளத்தில் ஆதாரும் பான் எண்ணும் போதும். 2020 ஜூலை முதல் நடப்பில் உள்ள இந்தப் பதிவு முற்றிலும் இலவசம். அரசுத் தளம்போலவே தோற்றமளித்துக் கட்டணம் கேட்கும் தனியார் பக்கங்கள் பல உள்ளன, முகவரியைப் பார்த்து நுழையுங்கள். தமிழ்நாட்டுக்குள் படங்களை மட்டும் விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை, வகுப்பும் எடுப்பவர்களுக்கு அந்த வரம்பு 20 லட்சம் ரூபாய். வேறு மாநிலங்களுக்குப் பொருள் விற்பதற்கான விதிகள் தனி, அவற்றில் கைவினைப் பொருள்களுக்குச் சில விலக்குகளும் உண்டு. முதல் வெளிமாநில ஆர்டர் வரும்போதே ஆடிட்டர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

வகுப்பு என்று சொன்னேன். சனி, ஞாயிறுகளில் எட்டு பேருக்கு மேல் சேர்க்காமல் எடுக்கும் இரண்டு மணி நேர வகுப்பு, படங்கள் விற்காத மாதங்களைக் கடத்திவிடும். தாளும் மூன்று வண்ணங்களும் ஒரு தூரிகையும் சேர்த்துக் கட்டணத்திலேயே கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பிள்ளைகள் ஓவிய நோட்டைக் கொண்டுவந்து, தண்ணீர் பட்டதும் அது அப்பளம்போல் நெளிவதைப் பார்த்துச் சோர்ந்துபோவார்கள். வண்ணங்களைப் பற்றிச் சற்றே நீளமாகப் பேசுகிறவர் என்றால் பெரியவர்களுக்கான வகுப்பு உங்களுக்கு ஒத்துவரும். பொறுமை உள்ளவர் என்றால் சிறுவர் வகுப்பு.

வேலையை எப்போது விடலாம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது என் வரவுசெலவு நோட்டைத்தான். அதில் ஆடி முதல் தை வரையிலான பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. மாசி முதல் ஆனி வரையிலான பக்கங்களில் வகுப்புக் கட்டணமும் ஒன்றிரண்டு வீட்டுப் படங்களும் மட்டுமே இருக்கின்றன. அந்த மெலிந்த ஐந்து மாதங்களின் சராசரி வீட்டு வாடகையையும் மளிகையையும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து தாங்கினால் யோசிக்கலாம் என்று கணக்கு வைத்திருக்கிறேன். சென்ற ஆண்டு வாடகை வரை வந்தது, மளிகைக்கு இன்னும் வரவில்லை.